வாசல் தாண்டுமுன் எண்ணிப் பார்க்க

ஊர் விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்துவோர்க்கு நீங்காத கவலை ஒன்று உண்டு. ஊரில் ஒரு நன்மை தீமை என்றால் உரிய நேரத்தில் போய்ச் சேர முடியுமா என்பதே அது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வந்து குடியேறிய நம் பெரியோர்க்கு அக்கவலை இரயில் வண்டியின் கால அட்டவணையோடு முடிந்தது. தந்தி வந்ததும் பெட்டியைக் கட்டினால், இரண்டு இரவு கழிந்து ஊர் போய்ச் சேரலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; போனவர் திரும்பி வரவும் தடையில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளின் காலத்திலோ வாசற்படியைத் தாண்டுவதே சட்டத்தின் பொருளாகிவிட்டது. கையில் பணம் உண்டு. நாள்தோறும் விமானமும் உண்டு. ஆயினும் போனால் திரும்ப முடியாது என்னும் நிலையில் நம்மவர் சிலர் அயல்நாடுகளில் இருக்கின்றனர்.

இத்திங்கள் இப்பகுதியில் அவ்வகை நிலை ஒன்றைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விசா இன்றிச் சென்று, அனுமதித்த தொண்ணூறு நாள்களுக்கு மேல் தங்கி, அந்நாட்டுக் குடியுரிமை உள்ள ஒருவரை மணந்து, அங்கேயே நிலையாக வாழ விரும்புவோரின் நிலை அது. இதைப் பற்றி நம் குடும்பங்களில் இருவேறு பேச்சுகள் உலவுகின்றன. “கல்யாணம்தான் ஆகிவிட்டதே, இனி என்ன பயம்?” என்பார் ஒரு சாரார். “தவணை கடந்துவிட்டது, உடனே புறப்பட்டு வந்துவிடுவதே மரியாதை” என்பார் மற்றொரு சாரார். முதற் பேச்சில் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை இருக்கின்றது. இரண்டாம் பேச்சு நேர்மையானதாகத் தோன்றினும், ஒரு குடும்பத்தைப் பத்தாண்டுகள் பிரித்துவைக்க வல்லது. இரண்டையும் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

இத்திட்டம் யாருக்கு உரியது?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர்க்கு இந்த விசா விலக்குத் திட்டம் இல்லை என்பதை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். அவ்வாறாயின் நமக்கென்ன என்று அன்பர்கள் ஏட்டைப் புரட்டிவிட வேண்டா. நம் உறவு இந்தியக் கடவுச்சீட்டோடு முடிந்துவிடவில்லை. சிங்கப்பூரில் பிறந்த தமக்கை மகள், இலண்டனில் வளர்ந்த சிற்றப்பன் மகன், ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற மைத்துனர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் சிலர் உளர். புதுச்சேரிக் குடும்பங்களின் வரலாறு இன்னும் பழையது. 1956இல் கையொப்பமாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அக்கடவுச்சீட்டை வைத்திருக்கின்றனர்.

அமெரிக்கா 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் இத்திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. 1988இல் பிரிட்டனும், 1989இல் பிரான்சும், 1999இல் சிங்கப்பூரும் இதில் சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் இது நிரந்தரத் திட்டம் ஆயிற்று. 2024இல் கட்டார் சேர்ந்தபோது நாடுகளின் எண்ணிக்கை 42 ஆனது. மலேசியாவும் இலங்கையும் இப்பட்டியலில் இல்லை என்பதை நம்மவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்நாடுகளின் மக்கள் ‘எஸ்டா’ எனப்படும் மின்னணு அனுமதியைப் பயணத்திற்கு முன்பே பெற்றுக்கொண்டு, சுற்றுலாவுக்கோ வணிகத்துக்கோ 90 நாள் வரை அமெரிக்காவில் தங்கலாம். அத்தவணையை நீட்டிக்க இயலாது. மாணவர், ஊழியர் போன்ற வேறு தற்காலிக நிலைக்கு மாறவும் இயலாது. நடுவில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு நடை போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை, பொதுவாக அந்நாள்களும் அதே 90 நாளிற் சேரும். நோய், விபத்து போன்ற நெருக்கடி நேர்ந்தால் மட்டும், புறப்படுவதற்கென்று 30 நாள் வரை அவகாசம் தரப்படலாம்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. விசா இன்றி நுழைபவர், தம்மை வெளியேற்ற அரசு முற்பட்டால் குடிவரவு நீதிபதியின் முன் நின்று வாதாடும் உரிமையை நுழையும்போதே விட்டுக்கொடுத்துவிடுகின்றார். அடைக்கலம் கோருவது ஒன்றே அதற்கு விலக்கு. இந்தியாவிலிருந்து சுற்றுலா விசா பெற்றுச் சென்றவர் தவணை கடந்து தங்கினால், பொதுவாக அவருக்கு நீதிபதியின் முன் ஒரு விசாரணை உண்டு. விசா விலக்கில் நுழைந்தவர்க்கு அதுவும் இல்லை. அதிகாரியின் ஆணையே முடிவாகலாம். எஸ்டா விண்ணப்பத்தில் விரைந்து குறியிட்டுச் செல்லும் இளைஞருள் எத்தனை பேர் இதைப் படித்துப் பார்க்கின்றனர்?

சட்டம் திறந்துவைத்த கதவு

இனி நம்பிக்கையின் பக்கத்தைப் பார்ப்போம். அந்நாட்டிலிருந்தபடியே ஒருவர் தற்காலிக நிலையிலிருந்து நிரந்தர வசிப்பு நிலைக்கு மாறுவதை ‘நிலை மாற்றம்’ என்கின்றனர். 1952ஆம் ஆண்டின் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 245ஆம் பிரிவு இதற்கு வழி செய்தது. அதற்கு முற்பட்ட காலத்தில், அமெரிக்காவில் இருந்தோர் பலர் கனடாவுக்குச் சென்று, ஆங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா பெற்றுத் திரும்ப வேண்டியிருந்தது.

விசா விலக்கில் வந்தவர் பொதுவாக இவ்வாறு நிலை மாற்றம் பெற முடியாது என்பது விதி. ஆனால் அவ்விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரின் ‘நெருங்கிய உறவினர்’ ஆயின் பெறலாம். கணவன் அல்லது மனைவி, 21 வயது நிறையாத மணமாகாத பிள்ளை, 21 வயது நிறைந்த குடிமக்களின் பெற்றோர் ஆகியோரே இங்கு நெருங்கிய உறவினர் ஆவர். இவர்கள் முறைப்படி அதிகாரியால் சோதிக்கப்பட்டு நாட்டிற்குள் அனுமதிக்கப்பட்டவராயின், தவணை கடந்து தங்கியதும், அனுமதியின்றி வேலை செய்ததும் அவர்களுடைய விண்ணப்பத்துக்குத் தடையாவதில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது ‘குடியுரிமை’ என்னும் சொல். “மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்” என்று பெருமையோடு சொல்கின்றோம். அவர் அங்கே எந்த நிலையில் இருக்கின்றார் என்று கேட்பதில்லை. வேலை விசாவில் இருப்பவரை மணந்தாலும், கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரை மணந்தாலும் இக்கதவு திறப்பதில்லை. பச்சை அட்டைக்காரர் பின்னாளில் குடியுரிமை பெற்றால்தான் அவருடைய மனைவியோ கணவனோ மேற்சொன்ன வகையில் சேர்வார். அதற்குப் பொதுவாக நிரந்தர வசிப்பு கிடைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் ஆக வேண்டும். இடையே தவணை கடந்து தங்கியிருப்பவர் எந்நேரமும் வெளியேற்றப்படலாம்.

மணம் மெய்யாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, எனினும் சொல்கின்றோம். சட்டத்தை ஏமாற்றவென்று செய்யும் மணத்திற்கு 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை தண்டமும் உண்டு. அத்தகைய மணத்தின் வழியாக ஒருமுறை நன்மை தேடியவர்க்குப் பின்னர் உண்மையான மணம் நேர்ந்தாலும் குடியேற்ற மனு ஏற்கப்படாது. தவணை கடந்ததை மன்னிக்கும் சட்டம் பொய்யை எளிதில் மன்னிப்பதில்லை. வேலை தேடும் படிவத்தில் ‘அமெரிக்கக் குடிமகன்’ என்று பொய்யாகக் குறித்தவர்க்கும் இதே கதிதான். 1996 செப்டம்பர் 30ஆம் நாளுக்குப் பின் அவ்வாறு குறித்தவர்களுள் பெரும்பாலோர்க்கு, மணம் மெய்யாயினும், மன்னிப்பு இல்லை.

உள்ளே மன்னிப்பு, வாசலில் தண்டனை

இப்போது இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். 1996இல் அமெரிக்கா குடிவரவுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1997 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதி ஒன்று இவ்வாறு கூறுகின்றது. அனுமதியின்றி 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கியவர் தாமாக வெளியேறினால், 3 ஆண்டுகள் திரும்ப வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேறினால் 10 ஆண்டுகள் திரும்ப வர முடியாது. பதினெட்டு வயது நிறையுமுன் கழிந்த நாள்கள் மட்டும் இக்கணக்கிற் சேரா.

இவ்விதியின் விந்தையை அன்பர்கள் கவனிக்க வேண்டும். தடை, தங்கியதனால் மட்டும் விழுவதில்லை, வெளியேறும்போதுதான் விழுகின்றது. உள்ளே இருந்து விண்ணப்பிக்கும் மனைவிக்கு மன்னிக்கப்படும் அதே குற்றம், அவள் விமானமேறிய கணத்தில் பத்தாண்டுத் தடையாக மாறுகின்றது. “தவறு செய்துவிட்டேன், முறைப்படி ஊருக்குத் திரும்பி அங்கிருந்து விசா கேட்கிறேன்” என்று எண்ணுபவரே மிகப் பெரிய தண்டனைக்கு ஆளாகின்றார். உலக வழக்கில் நேர்மை என்று நாம் கருதும் செயல், இவ்விடத்தில் வாழ்க்கையைப் பிளக்கும் செயலாகிவிடுகின்றது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உடைய பெண் ஒருத்தி உறவினர் திருமணத்திற்காக நியூஜெர்சிக்குச் செல்கின்றாள். ஆங்கே அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழ் இளைஞர் ஒருவரோடு பழக்கம் ஏற்படுகின்றது. தொண்ணூறு நாள் கடக்கின்றது. பின்னர்த் திருமணமும் நடக்கின்றது. விண்ணப்பம் போடலாம், போடலாம் என்று பதினான்கு திங்கள் ஓடிவிடுகின்றன. அப்போது மாதுங்காவில் இருக்கும் பாட்டிக்கு நோய் முற்றுகின்றது. “கண்ணை மூடுமுன் பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும்” என்கின்றார் பாட்டி. தாய்மாமன் தொலைபேசியில் கடிந்துகொள்கின்றார். “என்னம்மா, பாட்டியைவிடவா உனக்கு அந்தக் காகிதம் பெரிது? ஒரு வாரம் வந்துவிட்டுப் போ.”

அப்பெண் வந்தால் நிகழ்வது யாது? ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவளாதலின் பத்தாண்டுத் தடை அவள்மேல் விழும். தவணை கடந்தவர் மீண்டும் விசா விலக்கில் நுழைய முடியாது. அதற்கு ஒரு நாள் கடந்திருந்தாலே போதும். கணவர் இங்கிருந்து மனு அனுப்பலாம். தம் துணை இல்லாமையால் அவருக்கு மிகக் கடுமையான இன்னல் நேரும் என்று மெய்ப்பித்தால், தடையை நீக்குமாறு கேட்கவும் வழியுண்டு. ஆனால் அது அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. அவ்வின்னலும் குடியுரிமையோ நிரந்தர வசிப்போ உள்ள கணவன், மனைவி, பெற்றோர் ஆகியோர்க்கு நேர்வதாக இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு நேரும் இன்னலைத் தனியே கணக்கில் எடுப்பதில்லை. மாமன் சொன்ன ஒரு வாரம், பல ஆண்டுகள் ஆகலாம்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியேறினாலும் அதைக் கைவிட்டதாகவே கொள்வர். முன்கூட்டியே ‘ஐ-131’ படிவத்தின் மூலம் பயண அனுமதி பெற்றுக்கொண்டால் மட்டும் நிலை வேறு. அவ்வனுமதியோடு சென்று திரும்புவது பத்தாண்டுத் தடையை எழுப்பும் வெளியேற்றம் ஆகாது என்று 2012இல் அந்நாட்டுக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெற்றவர்கள் இந்தியர்களே. நெருங்கிய உறவினரின் மரணம் போன்ற அவசரத்தில் இவ்வனுமதியை விரைந்து கேட்கவும் இடமுண்டு. ஆயினும் திரும்பும்போது உள்ளே விடுவதும் விடாததும் நுழைவாயிலில் நிற்கும் அதிகாரியின் கையில் இருக்கின்றது. ஆதலின் வழக்கறிஞர் அப்பத்திரத்தைப் பார்த்து, போகலாம் என்று கூறிய பின்பே பயணச்சீட்டு வாங்குதல் வேண்டும்.

கதவு திறந்திருக்கிறது, காவலும் இருக்கிறது

“உள்ளேயே இருந்தால் போதும் அல்லவா?” என்று கேட்பவர்க்கும் விடை கூற வேண்டும். போதாது. விண்ணப்பம் போடாமல் இருப்பது பாதுகாப்பன்று.

விசா விலக்கில் வந்து 90 நாள் கடந்தவர்மீது வெளியேற்ற ஆணை பிறந்துவிட்டால், அதன் பின்னர் நிலை மாற்ற விண்ணப்பத்தைக் காட்டி அவ்வாணையை எதிர்க்க முடியாது என்று 2008இல் ஒன்பதாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2010இல் மூன்றாம், ஏழாம் வட்டார நீதிமன்றங்களும் தீர்ப்பளித்தன. ஆணை பிறக்காதவரையில், நெருங்கிய உறவினர் 90 நாள் கடந்து விண்ணப்பித்தாலும் அவற்றை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு குடிவரவுப் பணித்துறை 2013 நவம்பரில் தன் அலுவலர்க்கு வழிகாட்டியது. ஆயினும் இது அதிகாரியின் மனமுவந்த முடிவே அன்றி உரிமை அன்று. மறுத்தால் நீதிபதியின் முன் மீண்டும் கேட்க முடியாது என்பதை மறத்தலாகாது. 2025ஆம் ஆண்டின் இறுதியில், சான் டியேகோ நகரில் இவ்வகை நேர்காணலுக்கு மனைவியோடும் கணவரோடும் வந்தவர்கள் சிலர் அங்கேயே காவலில் வைக்கப்பட்ட செய்திகள் வெளியாயின. அவர்களுள் தவணை கடந்தமையைத் தவிர வேறு குற்றம் இல்லாதோரும் இருந்தனர்.

ஆகவே காலம் தாழ்த்தாமையே முதற் காவல். தொண்ணூறு நாளுக்குள் மணம் நடந்திருந்தால் அதற்குள்ளேயே விண்ணப்பித்தல் நன்று. 2006இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில், 90 நாளுக்குள் விண்ணப்பித்த பெண்ணின் கணவர் விபத்தில் இறந்துபோனார். உரிய காலத்தில் விண்ணப்பித்தவராதலின் அப்பெண்ணுக்கு நிலை மாற்ற நடைமுறையின் பாதுகாப்புகள் உண்டு என்று அந்நீதிமன்றம் கூறியது. நாள் கடந்துவிட்டால், நேர்காணலுக்குமுன் நல்ல வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்வது செலவன்று, காவல்.

குழப்பும் தொண்ணூறுகள்

இவ்விடத்தில் ‘90 நாள்’ என்னும் எண் பல இடங்களில் வந்து நம்மவரைக் குழப்புவதால், அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றோம்.

முதலாவது, விசா விலக்கின் தங்கல் தவணை, மேலே கூறினோம். இரண்டாவது, மணம் செய்துகொள்ளவென்றே தரப்படும் ‘கே-1’ விசாவின் தவணை. அவ்விசாவில் வந்தவர், மனு அனுப்பிய அதே குடிமகனையோ குடிமகளையோ 90 நாளுக்குள் மணக்க வேண்டும். மணம் முன்னரே நிச்சயமாகியிருந்தால் இதுவே நேர்வழி. மூன்றாவது, 2017இல் அந்நாட்டு வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்க்கு வகுத்த அனுமானம். வந்த 90 நாளுக்குள் ஒருவர் மணந்து அங்கேயே தங்கினால், வரும்போதே உள்நோக்கத்தை மறைத்தார் என்று தூதரக அலுவலர் எண்ணலாம் என்பது அது. உள்நாட்டில் விண்ணப்பத்தை ஆராயும் பணித்துறையை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் நுழைவாயிலில், “சுற்றிப் பார்க்க மட்டுமே வந்தேன்” என்று மனமறிந்து பொய் சொன்னது தெரிந்தால், அது தனிக் குற்றமாகி நிரந்தரத் தடையைக் கொணரும். அத்தடையை நீக்கத் தனியே மன்னிப்புக் கோர வேண்டும். நான்காவது தொண்ணூறு பின்னர் வரும்.

விண்ணப்பம் செல்லும் வழி

குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவி ‘ஐ-130’ என்னும் உறவு மனுவை அளிக்க, மற்றவர் ‘ஐ-485’ என்னும் நிலை மாற்ற விண்ணப்பத்தை அதனோடு சேர்த்தே அளிக்கலாம். 2024 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி முன்னதற்குக் காகிதத்தில் 675 டாலரும் இணையவழியில் 625 டாலரும், பின்னதற்கு வயது வந்தோர்க்கு 1,440 டாலரும் கட்டணம். அரசு குறித்த மருத்துவர் முத்திரையிட்டுத் தரும் உடற்பரிசோதனைச் சான்றையும் 2024 டிசம்பர் 2 முதல் விண்ணப்பத்தோடே இணைக்க வேண்டும்.

முறைப்படி உள்ளே வந்ததற்கான பதிவு, பிறப்புச் சான்று, முன்மணம் இருந்திருந்தால் மணவிலக்குத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்று, அரசிடம் உரிமம் பெற்றுப் பதிவு செய்த திருமணச் சான்று ஆகியவை இன்றியமையாதவை. கோயிலில் தாலி கட்டிய படம் மட்டும் போதாது. இருவரும் ஒருங்கே வாழ்கின்றனர் என்பதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீடு, இரு குடும்பத்தாரும் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளின் படங்கள் முதலியன துணை செய்யும்.

இன்னொரு பத்திரம் உண்டு. அதன் எடையை நம்மவர் உணர்வதில்லை. ‘ஐ-864’ என்னும் ஆதரவு உறுதிப் பத்திரத்தில், வறுமைக் கோட்டு அளவின் 125 விழுக்காட்டிற்குக் குறையாத வருவாய் தமக்கு உண்டு என்றும், துணைவரைத் தாங்குவேன் என்றும் மனுதாரர் கையொப்பமிடுகின்றார். மணவிலக்கு ஏற்பட்டாலும் அப்பொறுப்பு நீங்குவதில்லை. துணைவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது அவர்தம் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேரும்வரை, அல்லது அவர் நாட்டை விட்டு நிலையாக நீங்கும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை அது தொடரும்.

அட்டை கிடைக்கும் நாளில் மணமாகி இரண்டாண்டு நிறைந்திராவிடில், அது இரண்டாண்டுக்கு மட்டுமே செல்லும் நிபந்தனை அட்டை. 1986ஆம் ஆண்டின் திருத்தம் இதை வகுத்தது. அவ்விரண்டாண்டு முடிவதற்கு முந்திய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ‘ஐ-751’ மனுவை அளித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். இதுவே நான்காம் தொண்ணூறு. இதைத் தவறவிட்டால், பெற்றதெல்லாம் இழந்துவிட நேரும்.

இங்கே பெண்ணைப் பெற்றோர்க்கு ஒரு சொல். “உன் காகிதம் என் கையில் இருக்கிறது” என்று மிரட்டிக் கொடுமை செய்யும் துணைவரிடம் அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. கொடுமைக்கு ஆளான துணைவர், மற்றவரின் ஒப்புதல் இன்றித் தாமே மனுச் செய்ய 1994ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. மணமுறிவு நேர்ந்தாலும், மணம் மெய்யாகத் தொடங்கியது என்று காட்டி, நிபந்தனையைத் தனியே நீக்கிக்கொள்ள இடமுண்டு. மகள் அழுதுகொண்டு தொலைபேசியில் பேசும்போது, “பொறுத்துக்கொள்” என்று சொல்லுமுன் இதை நினைவூட்டுங்கள்.

இங்கிருப்போர் செய்யத்தக்கன

கடல் கடந்த பிள்ளைகளின் வழக்கு அங்கே நடக்கின்றது. ஆயினும் அதைக் கெடுப்பதும் காப்பதும் பல வேளைகளில் இங்கிருந்து செல்லும் சொற்களே. ஆதலின் நம் குடும்பங்கள் சிலவற்றை வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும்.

நிச்சயதார்த்தத்திற்கு முன்பே மாப்பிள்ளையின் அல்லது பெண்ணின் குடிவரவு நிலையைத் தெளிவாகக் கேளுங்கள். சாதகம் பார்ப்பதற்குக் கூசாத நாம் இதைக் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. மணம் உறுதியாகிவிட்டதாயின், “முதலில் சுற்றுலாவாகப் போய்ச் சேர், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று அனுப்பாதீர்கள். அதற்கென்றே உள்ள விசாவைப் பெற்று அனுப்புவது காலம் எடுப்பினும் பொய்க்கு இடந்தராத வழி.

தவணை கடந்துவிட்டதென்று பிள்ளை சொன்னால், கடிந்துரைப்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். உள்ளே அனுமதிக்கப்பட்ட நாள் எது? தவணை முடிந்து எத்தனை நாள் ஆயின? வெளியேற்ற ஆணை ஏதேனும் வந்துளதா? 180 நாள் ஆகாதவர்க்கு மூன்றாண்டுத் தடையோ பத்தாண்டுத் தடையோ இல்லை. அவர் புறப்பட்டு வந்து, கணவரின் மனுவின்மேல் தூதரகம் வழியாகக் குடியேற்ற விசா பெறலாம். அக்கோட்டைத் தாண்டியவர்க்கு அவ்வாறன்று. இவ்விரு நிலையும் வேறுபடுவதால், வந்துவிடு என்பதோ வராதே என்பதோ நாம் சொல்லத்தக்கதன்று. அந்நாட்டில் உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரோ, அரசின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ ஆவணங்களைப் பார்த்துச் சொல்லட்டும். இங்குள்ள முகவர்களிடமும், முன்னர் இவ்வழியே சென்றதாகக் கூறும் நண்பர்களிடமும் முடிவைக் கேட்க வேண்டா. ஒருவர் நிலை மற்றொருவர் நிலை ஆகாது.

இறுதியாக, எல்லாவற்றினும் கடினமானது ஒன்று. நம் வீடுகளில் வளைகாப்பும் சாவும் பந்தல் போட்டு நடக்கும். வராதவரைப் பற்றிய பேச்சும் அப்பந்தலின் கீழேயே நடக்கும். “பெற்ற தாய் போனபோதும் வரவில்லையே” என்னும் ஒரு சொல், கடல் கடந்திருப்பவரை விமானமேற்றிவிடும். ஏறியவர் தம் கணவரையும் பிள்ளையையும் அக்கரையில் விட்டுவிட்டுப் பல்லாண்டுகள் இக்கரையில் நிற்க நேரும். துக்கத்திற்கு வராமை அன்பின்மை ஆகாது என்பதை நம் குடும்பத்துப் பெரியோர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளை கேளாமலே, “நீ இப்போது வர வேண்டா, அட்டை கைக்கு வந்த பின் வா, திவசத்திற்கு உன்னை எதிர்பார்த்திருப்போம்” என்று சொல்லுகின்ற தாய்மாமனைவிடப் பெரிய துணை அப்பெண்ணுக்கு வேறில்லை.

இவ்வகையில் நம் குடும்பங்களுக்குள்ள ஐயங்களை எழுதி அனுப்பினால், பெயரும் முகவரியும் வெளியிடாமல், பொதுவாகப் பயன்படுவனவற்றை இப்பகுதியில் தொடர்ந்து விளக்குவோம். தனிப்பட்ட வழக்குகளுக்கு முடிவு கூறுவது நம் பணி அன்று; முடிவு கூறத்தக்காரிடம் காலந்தாழ்த்தாது செல்லுமாறு செய்வதே நம் பணி.